கீழ்ப்பாக்கம் ரெண்டு

எட்டாம் வகுப்பில் அது ஊரின் பெயரே இல்லை.
கணக்கு நோட்டில் எவளாவது கிறுக்கினால்
"கீழ்ப்பாக்கம் கேஸுடி" என்போம்.
தனக்குள் பேசியபடி
கணேசபுரம் சுரங்கப்பாதையில் நடப்பவரை
"பஸ்ஸ வுட்டுட்டாரு" என்போம்.
யூனிஸ்தான் அதிகம் சிரிப்பாள்.
கடைசி பெஞ்சு ஆடும் அவள் சிரித்தால்.

ஆடியில் தொடங்கியது.
அதற்கும் முன்னாலேயே இருந்திருக்கலாம்,
எனக்குத் தெரிந்தது ஆடியில்.
அனுப்பிய செய்தியில் நீலக் குறி விழும்,
பதில் விழாது.
பத்து நாளாய்த் தலைக்குக் குளிக்கவில்லை.
"தூங்குறேன்டி. தூங்கி எழுந்த மாதிரிதான் இல்ல" என்றாள்.
நான் சூரியோதயம் போட்ட பொன்மொழி ஒன்றை அனுப்பினேன்.
கூடவே முறுக்கிய கை ஒன்று, இதயம் மூன்று.
நினைத்தால் இப்போதும் கூசுகிறது.
பள்ளத்தில் கிடந்தவளுக்கு
மேலே நின்று கைதட்டியிருக்கிறேன்.

அவள் அம்மா ஜெபக்கூட்டத்தில் பெயர் கொடுத்தாள்.
குறை சொல்ல மாட்டேன்,
அங்கேயாவது யாரோ அவள் தலையில் கை வைத்தார்கள்.
அப்பா போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார்.
சித்தி "வயசு அப்படி" என்றாள்.
எந்த வயசு, எப்படி
என்று யாரும் கேட்கவில்லை.

காலேஜுக்கு ஒரு கவுன்சிலர் வந்து போனார்.
மைக் வேலை செய்யவில்லை.
பாதிப் பேர் ரீல்ஸ் பார்த்தோம்.
ஒரே ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டது:
நீ கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது.
இருந்தால், கேட்கும் வரை அது தனியாக இருக்கும்.

வியாசர்பாடியில் எங்கள் தெரு அடிபம்பு.
முகம் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லாமல்
பம்பை அடித்துக்கொண்டே கேட்டேன்,
"செத்துடலாம்னு தோணுதா யூனிஸ்?"
"சில நாள்."
கைப்பிடி பாதியில் நின்றது.
நல்லதாக ஒரு வார்த்தை வரவில்லை எனக்கு.
"அடி, குடம் ரொம்பல" என்றாள்.
அடித்தேன்.
நிரம்பி, வழிந்து, கால் நனைந்து,
வரிசையில் நின்ற அக்கா கத்தும்வரை அடித்தேன்.
"யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு."
அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யவில்லை.
அன்று ராத்திரியே அவள் அம்மாவிடம் சொன்னேன்.
மூன்று நாள் யூனிஸ் என்னோடு பேசவில்லை.
நான்காம் நாள் பேசினாள். திட்டினாள்.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் பர்மிஷன் போட்டு
நேராக அங்கே வருவதாக ஏற்பாடு.
பெண்களுக்குக் காசில்லை. ஆனாலும் கண்டக்டர் கேட்கிறார்,
"எங்கம்மா?"
யூனிஸ் ஜன்னலுக்கு வெளியே
வராத மழையைப் பார்க்கிறாள்.
என் தொண்டைக்குள் எட்டாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது.
"கீழ்ப்பாக்கம்... ரெண்டு."
அவர் நிமிரக்கூட இல்லை.
கிழித்தார், கொடுத்தார், அடுத்த சீட்டுக்குப் போனார்.

அங்கே பயங்கரம் எதுவும் இல்லை.
ஓ.பி. சீட்டு, வேப்பமரம், ஓடாத மின்விசிறி.
போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுகிறவன்போல்
டிராக் பேண்ட்டில் ஒரு பையன்,
ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.
டாக்டர் அக்கா "எப்ப இருந்து?" என்றார்.
ஆடி என்று நான் நினைத்திருந்தேன்.
"பத்தாவது லீவுல இருந்து" என்றாள் யூனிஸ்.

மாத்திரை நாக்கை உலர்த்துகிறது என்று புலம்பினாள்.
இரண்டாம் முறையும் போனோம்.
மூன்றாம் முறை வரமாட்டேன் என்றாள்.
செருப்பைக் கழற்றாமல்
அவள் வீட்டு வாசலில் அரைமணி நின்றேன்.
கதவு திறந்தது.
"தல பின்னல, பரவால்லயா?"
"பஸ்ல பின்னிக்கலாம்."

சடை பாதியில், ரப்பர் பேண்ட் என் பல்லில்,
சீப்பு அவள் மடியில்.
கண்டக்டர் வந்து நிற்கிறார்.
எனக்கு வாய் திறக்க வழியில்லை.
யூனிஸ் திரும்பி என்னைப் பார்த்தாள்,
தலை அசைந்ததில் மூன்று கால் பின்னலும் அவிழ்ந்தது.
"கீழ்ப்பாக்கம்" என்றாள்.
"ரெண்டு."